கையெழுத்து போட மறுக்கும் புது வீரர்: டீம் என்ன செய்யணும்? ஒரு ஆடிட்டர் போட்ட கணக்கு



போன வாரம் சம்பள பேச்சுவார்த்தை பற்றி ஒரு வீடியோ போட்டிருந்தோம். அதுக்கு கீழே ஒருத்தர் கேட்டிருந்தார்: "சார், அமெரிக்கன் ஃபுட்பால்ல காலேஜ் முடிச்ச பையன் கோடிக்கணக்கான டாலர் ஆஃபரை கையில வச்சுக்கிட்டு, கையெழுத்து போட மாட்டேன்னு வீட்ல உட்கார்ந்துடுறானாமே. இது திமிரா, புத்திசாலித்தனமா? டீம் என்ன பண்ணணும்?"

அருமையான கேள்வி. நான் அந்த விளையாட்டை உயிரைக் கொடுத்துப் பார்க்கிற ஆள் இல்லை. ஆனா அந்த ஒப்பந்தங்களைப் படிக்கிறது எனக்குப் பிடிக்கும். சம்பளம், போனஸ், கேரண்டி, முன்னாடியே விலகினா என்ன, விலக்கினா என்ன, எல்லாமே அதுல இருக்கு. உங்க ஆஃபர் லெட்டரோட பெரிய அண்ணன் மாதிரி. பொறுமையா பார்ப்போம்.

முதல்ல, அங்க வேலை கிடைக்கிறது எப்படி?

என்எஃப்எல் லீக்ல 32 டீம். ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் கடைசியில டிராஃப்ட் நடக்கும். மொத்தம் 7 சுற்று. காலேஜ் வீரர்களை டீம்கள் வரிசையா தேர்வு பண்ணுவாங்க. இங்க ஒரு விஷயத்தை கவனிங்க: உங்களை எந்த டீம் எடுத்ததோ, அந்த டீம்கிட்ட மட்டும்தான் நீங்க பேச முடியும். இன்னொரு கம்பெனி ஆஃபரைக் காட்டி பேரம் பேசுற வழியே கிடையாது. உங்க உரிமையை அந்த டீமே வேறொரு டீமுக்கு மாற்றிக் கொடுக்கலாம். இல்லைன்னா ஒரு வருஷம் சும்மா இருந்துட்டு அடுத்த டிராஃப்ட்ல மறுபடியும் நிற்கணும்.

அப்போ வீரர் கையில இருக்கிற ஒரே ஆயுதம் என்ன? கையெழுத்து போடாம இருக்கிறது. இதைத்தான் ஹோல்ட்அவுட்னு சொல்றாங்க. ஏற்கெனவே ஒப்பந்தத்துல இருக்கிற சீனியர் வீரர் பயிற்சிக்கு வராம இருந்தா ஒவ்வொரு நாளுக்கும் அபராதம் உண்டு. புது வீரருக்கு ஒப்பந்தமே இல்லை, அதனால அபராதமும் இல்லை. ஆனா சம்பளமும் இல்லை, பயிற்சியும் இல்லை. ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா இழந்துக்கிட்டே யார் முதல்ல இறங்கி வர்றாங்கன்னு பார்க்கிற ஆட்டம் இது.

2011க்கு முன், 2011க்குப் பின்

முன்னாடி சண்டை மொத்தத் தொகைக்காகவே நடந்தது. 2007ல ஓக்லாந்து ரெய்டர்ஸ் முதல் ஆளா எடுத்த ஜமார்கஸ் ரசல், பயிற்சி முகாம் முழுக்க வராம, சீசன் தொடங்கின பிறகு செப்டம்பர்லதான் கையெழுத்து போட்டார். 6 கோடி டாலருக்கு மேல மதிப்புள்ள ஒப்பந்தம், அதுல 3 கோடிக்கு மேல கேரண்டி. 3 சீசன் ஆடினார். 2010 மே மாதம் டீம் அவரை அனுப்பிடுச்சு.

2009ல மைக்கேல் கிராப்ட்ரீ. சான் ஃப்ரான்சிஸ்கோ 49யர்ஸ் அவரை 10வது ஆளா எடுத்தாங்க. அதே இடத்துல ஆடுற இன்னொரு வீரர் 7வது ஆளா போயிருந்தார். "நான் அவரைவிட பெட்டர், அந்த அளவுக்குக் கொடுங்க"ன்னு அக்டோபர் வரைக்கும் உட்கார்ந்துட்டார். 4 மேட்ச் போச்சு.

2010ல முதல் ஆளா வந்த சாம் பிராட்ஃபோர்டுக்கு 6 வருஷத்துக்கு 7 கோடியே 80 லட்சம் டாலர், அதுல 5 கோடி கேரண்டி. ஒரு தொழில்முறை மேட்ச்கூட ஆடாத பையனுக்கு! சீனியர் வீரர்களுக்கே இது பிடிக்கலை. 2011ல லீக்கும் வீரர்கள் சங்கமும் போட்ட புது ஒப்பந்தத்துல புது வீரர்களுக்கு சம்பள அளவுகோல் வந்தது. டிராஃப்ட்ல வர்ற எல்லாருக்கும் 4 வருஷ ஒப்பந்தம், முதல் சுற்று வீரர்களுக்கு 5வது வருஷம் டீமோட விருப்பம். எத்தனாவது ஆளா எடுத்தாங்களோ அதை வச்சு தொகை கிட்டத்தட்ட முடிவாயிடும். அந்த வருஷம் முதல் ஆளா வந்த கேம் நியூட்டனுக்கு 4 வருஷத்துக்கு சுமார் 2 கோடியே 20 லட்சம் டாலர். ஒரே வருஷத்துல எவ்வளவு இறக்கம் பாருங்க.

சரி, தொகையே முடிவாயிட்டா இன்னும் எதுக்கு சண்டை? பொடி எழுத்துக்குத்தான்!

பொடி எழுத்துல இருக்கிற மூணு வரி

ஒன்று, ஆஃப்செட். கேரண்டி இருக்கும்போதே டீம் வீரரை நீக்கிடுச்சு, அவர் வேறொரு டீம்ல சேர்ந்துட்டார்னு வைங்க. புது டீம் கொடுக்கிற சம்பளத்தை பழைய டீம் தன் பாக்கியில கழிச்சுக்கலாமா? கழிக்கலாம்னா அதுதான் ஆஃப்செட்.

ஒரு அனுமானக் கணக்கு. கடைசி வருஷத்துக்கு 40 லட்சம் டாலர் கேரண்டி. டீம் நீக்கிடுச்சு. புது டீம் 10 லட்சம் கொடுக்குது. ஆஃப்செட் இல்லைன்னா வீரருக்கு 50 லட்சம். இருந்தா பழைய டீம் 30 லட்சம் கொடுத்தா போதும், வீரருக்கு மொத்தம் 40 லட்சம்தான்.

இரண்டு, சைனிங் போனஸ் எப்போ வரும்? மொத்தமும் இப்பவே தரலாம். ஒரு பகுதியை இப்போ கொடுத்துட்டு, மீதியை அடுத்த வருஷமும் தரலாம்.

மூன்று, கேரண்டி எப்போ செத்துப்போகும்? வீரர் தடை வாங்கினாலோ, நடத்தை விதியை மீறினாலோ மீதி வருஷங்களோட கேரண்டி ரத்து. இந்த வரியை எவ்வளவு அகலமா எழுதுறாங்கங்கிறதுதான் பிரச்சனை.

2016: சார்ஜர்ஸ் கத்துக்கொடுத்த பாடம்

அப்போ சான் டியேகோல இருந்த சார்ஜர்ஸ், ஜோயி போசாவை 3வது ஆளா எடுத்தாங்க. மொத்தம் சுமார் 2 கோடியே 59 லட்சம் டாலர், அதுல சைனிங் போனஸ் மட்டும் 1 கோடியே 70 லட்சம். தொகையில தகராறே இல்லை. ஆஃப்செட்டும் போனஸ் தேதியும்தான் சண்டை. 31 நாள் ஓடிச்சு.

இப்போ நம்ம கால்குலேட்டரை எடுப்போம். போனஸ்ல 20 சதவீதத்தை, அதாவது 34 லட்சம் டாலரை, 8 மாசம் தள்ளிக் கொடுக்கிறாங்கன்னு வைங்க. வட்டி 5 சதவீதம்னு எடுத்தா டீமுக்கு மிச்சம் சுமார் 1 லட்சத்து 13 ஆயிரம் டாலர். இது என் அனுமானம்தான், அவங்களோட உண்மையான சதவீதம் இல்லை. ஆனா அளவு புரியுதில்லையா?

"சார், சம்பள உச்சவரம்பு இருக்கே, அதுல இடிக்காதா?"ன்னு கேட்பீங்க. இடிக்காது. சைனிங் போனஸை எந்தத் தேதியில கொடுத்தாலும், உச்சவரம்பு கணக்குல அதை ஒப்பந்த வருஷங்களுக்கு சமமா பிரிச்சுத்தான் எழுதுவாங்க. கைக்காசு எப்போ போகுதுங்கிறது வேற, கணக்குல எப்போ ஏறுதுங்கிறது வேற. சிஏ படிக்கிற பசங்களுக்கு இது முதல் பாடம்.

சண்டை முற்றி, ஆகஸ்ட் 24ம் தேதி டீம் ஒரு அறிக்கை விட்டுச்சு. நாங்க இவ்வளவு கொடுக்கத் தயாரா இருந்தோம், இனி அந்த ஆஃபர் கிடையாதுன்னு ஊருக்கே சொன்னாங்க. அஞ்சே நாள்ல ரெண்டு பேரும் கையெழுத்து போட்டாங்க. போசா தாமதமா வந்து, தொடைத் தசை காயத்துல முதல் 4 மேட்ச் ஆடலை. முகாமுக்கு வராததாலதான் காயம்னு யாராலும் நிரூபிக்க முடியாது, நானும் சொல்லலை. ஆனா அந்த 4 மேட்ச்ல சார்ஜர்ஸ் 3 தோத்தாங்க. வித்தியாசம் 6 புள்ளி, 4 புள்ளி, 1 புள்ளி. அதுக்கப்புறம் போசா 12 மேட்ச்ல பத்தரை சேக் எடுத்து, அந்த வருஷத்தோட சிறந்த தற்காப்பு புதுமுகம் ஆனார். டீம் 5 வெற்றி, 11 தோல்வியோட முடிச்சது. பயிற்சியாளர் வேலையும் போச்சு.

ஒரு லட்சம் டாலர் விவகாரத்துல எதைப் பணயம் வச்சாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

சரி, டீம் என்னதான் செய்யணும்?

நான் அந்த டீமோட கணக்குப்பிள்ளையா இருந்தா இந்த ஆறு விஷயத்தைச் சொல்வேன்.

1. ஒவ்வொரு வரிக்கும் விலை போடுங்க. மேலே சொன்ன ஆஃப்செட் உதாரணத்துல டீமுக்கு அதிகபட்ச நஷ்டம் 10 லட்சம் டாலர். அந்த வீரரை நடுவுலயே நீக்கற வாய்ப்பு 10 சதவீதம்னா, அந்த வரியோட உண்மையான மதிப்பு 1 லட்சம். வாய்ப்பு 50 சதவீதம்னு நினைக்கிறீங்களா? அப்போ பிரச்சனை ஒப்பந்தத்துல இல்லை, நீங்க ஆளைத் தேர்வு பண்ணின விதத்துல இருக்கு.

"ஒருத்தருக்கு விட்டுக்கொடுத்தா எல்லாரும் கேட்பாங்க"ன்னு மேனேஜர்கள் சொல்வாங்க. நியாயமான பயம்தான். அதையும் கணக்குல சேர்ப்போம். வருஷத்துக்கு ஒரு முதல் சுற்று வீரர், 5 வருஷம், ஆளுக்கு 1 லட்சம்னா 5 லட்சம் டாலர். 2025ல ஒரு டீமோட சம்பள உச்சவரம்பு 27 கோடியே 92 லட்சம். அந்த 5 லட்சம் இதுல 0.2 சதவீதம்கூட வராது. அதுவும் 5 வருஷத்துக்கும் சேர்த்து!

2. கொள்கையை டிராஃப்ட்டுக்கு முன்னாடியே சொல்லுங்க. 2025ல சின்சினாட்டி பெங்கால்ஸ் ஷெமார் ஸ்டூவர்ட்டை 17வது ஆளா எடுத்தாங்க. ஒரு வருஷத்துல விதி மீறினா அடுத்தடுத்த வருஷங்களோட கேரண்டியும் போகும்னு ஒரு வரி வச்சாங்க. முந்தின வருஷங்கள்ல வந்தவங்களுக்கு இல்லாத வரி எனக்கு மட்டும் எதுக்குன்னு அவர் கேட்டார். மற்ற டீம்கள்ல பலரும் இதே மாதிரி வரி வச்சிருக்காங்கங்கிறது உண்மை. டீம் கேட்டது தப்பு இல்லை. கேட்ட விதம்தான் தப்பு. விதியை மாத்துறதா இருந்தா, ஆள் வர்றதுக்கு முன்னாடி எல்லா ஏஜென்ட்டுக்கும் சொல்லிடணும். அப்போ அது கொள்கை. ஆள் வந்து மாட்டின பிறகு சொன்னா, அது அவருக்கு அவமானமா தெரியும்.

3. ஒண்ணு வாங்கினா ஒண்ணு கொடுங்க. ஸ்டூவர்ட் விஷயம் எப்படி முடிஞ்சது? ஜூலை 25ம் தேதி, 4 வருஷத்துக்கு கிட்டத்தட்ட 1 கோடியே 90 லட்சம் டாலர், முழு கேரண்டியோட கையெழுத்து ஆச்சு. டீம் கேட்ட வரி இருக்கும், பதிலுக்கு சைனிங் போனஸ் அவருக்கு சாதகமா முன்கூட்டியே வரும்னு செய்திகள் சொன்னது. போசா விஷயத்துலயும் இதே மாதிரி பேரத்துலதான் முடிஞ்சதா சொல்றாங்க. ஜூலை கடைசியில செய்ததை மே மாசமே செய்திருக்கலாமே! புது வீரர் அதுவரைக்கும் ஒரு பயிற்சிகூட செய்யலை.

4. வரியை குறுகலா எழுதுங்க. 2018ல சிகாகோ பேர்ஸ் 8வது ஆளா எடுத்த ரோக்வான் ஸ்மித் 29 நாள் வரலை. அந்த வருஷம்தான் தலைக்கவசத்தைக் குனிஞ்சு மோதினா தண்டனைங்கிற புது விதி வந்தது. மைதானத்துல ஆடும்போது இந்த விதியில தடை வாங்கினா என் கேரண்டி போகக்கூடாதுன்னு அவர் தரப்பு கேட்டது. ரொம்ப நியாயம். வெளியில செய்யுற ஒழுங்கீனத்துக்கு ஒரு சட்டம், ஆட்டத்துக்குள்ள நடக்கிற தப்புக்கு ஒரு சட்டம்னு பிரிச்சு எழுதினா ரெண்டு பேருக்கும் பாதுகாப்பு. ஒரு பத்தி எழுதினா தீர்ற விஷயம். ஸ்மித் கடைசியில வந்து, முதல் மேட்ச்ல தான் ஆடின முதல் பந்துலயே எதிர் குவார்ட்டர்பேக்கை வீழ்த்தினார். இப்படிப்பட்ட ஆளைத்தான் வீட்ல உட்கார வச்சிருந்தாங்க.

5. மார்க்கெட் நகர்ந்தா நீங்களும் நகருங்க. 2025க்கு முன்னாடி இரண்டாம் சுற்று வீரர்களுக்கு முழு கேரண்டி கொடுக்கிற வழக்கமே இருந்ததில்லை. 2025 மே மாசம் ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் ஒருத்தருக்குக் கொடுத்தாங்க, பின்னாடியே கிளீவ்லாந்து பிரவுன்ஸும் கொடுத்தாங்க. அவ்வளவுதான், மீதி 30 பேரும் ஜூலை நடுப்பகுதி வரைக்கும் பேனாவைத் தொடலை. அப்புறம் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் 40வது ஆளா வந்த டைலர் ஷஃப்புக்கு முழு கேரண்டி கொடுத்தாங்க. வழி பிறந்தது, சில நாள்லயே மடமடன்னு கையெழுத்து விழுந்தது. "எங்க பாலிசியில இல்லை"ங்கிற பதில் மார்க்கெட் நகர்ந்த பிறகு எடுபடாது.

6. வாயை மூடிக்கிட்டு பேசுங்க. அறிக்கை விடாதீங்க. கோபத்தை ஏஜென்ட்கிட்ட காட்டுங்க, பையன்கிட்ட காட்டாதீங்க. அவன் 21, 22 வயசு. நாளைக்கு உங்களுக்காக உடம்பைக் கொடுத்து ஆடப்போறவன்.

நம்பிக்கை போனா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்க 1986க்குப் போகணும். டாம்பா பே பக்கனீயர்ஸ், போ ஜாக்சனை டிராஃப்ட்டுக்கு முன்னாடி உரிமையாளரோட விமானத்துல வரவழைச்சாங்க. பிரச்சனை ஒண்ணும் வராதுன்னு அவர்கிட்ட சொல்லியிருந்தாங்களாம். ஆனா அந்தப் பயணத்தாலயே காலேஜ் பேஸ்பால்ல ஆடுற தகுதியை அவர் இழந்தார். உங்க டீமுக்கு ஆடவே மாட்டேன்னு சொல்லிட்டார். அதையும் மீறி அவரை முதல் ஆளா எடுத்தாங்க. அவர் குறைஞ்ச பணத்துக்கு கன்சாஸ் சிட்டி ராயல்ஸ்ல பேஸ்பால் ஆடப் போயிட்டார். அடுத்த வருஷம் ரெய்டர்ஸ் அவரை 7வது சுற்றுல எடுத்து ஆட வச்சாங்க. முதல் இடத்துல எடுத்த டீமுக்கு கிடைச்சது பூஜ்யம்.

எப்போ டீம் உறுதியா நிற்கணும்?

எல்லாத்தையும் விட்டுக்கொடுன்னு நான் சொல்லலை. கிராப்ட்ரீ மாதிரி "என் இடத்துக்கான தொகை வேண்டாம், வேற இடத்துக்கான தொகை கொடு"ன்னு கேட்டா மரியாதையா மறுக்கலாம். அதைக் கொடுத்தா மற்ற எல்லாரோட கணக்கும் கலையும். ஒழுக்கம் சம்பந்தமான வரியிலயும் உறுதியா இருக்கலாம். அது பணம் போனா போகட்டும்னு விடுற விஷயம் இல்லை. ஆஃப்செட்டும் போனஸ் தேதியும் அப்படி இல்லை. அதுல டீம் ஜெயிச்சாலும் கையில மிஞ்சுறது சில்லறைதான்.

இதுல உங்களுக்கு என்ன இருக்கு?

என் கதை ஒண்ணு சொல்றேன். சிஏ முடிச்சு சேர்ந்த முதல் வேலையில ஒன்றரை லட்சம் ஜாயினிங் போனஸ் கொடுத்தாங்க. டிடிஎஸ் பிடிச்சது போக கையில வந்தது ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு கொஞ்சம் குறைவு. 11வது மாசம் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாம ஊருக்குப் போக வேண்டி வந்தது, வேலையை விட்டேன். ஒரு வருஷம் முடியலைங்கிறதால போனஸை திருப்பிக் கேட்டாங்க. எவ்வளவு? முழு ஒன்றரை லட்சம்! கைக்கு வராத வரிப் பணத்தையும் சேர்த்து. 11 மாசம் வேலை பார்த்ததுக்கு ஒரு பைசா கழிக்கலை. நிதியாண்டும் மாறிப்போயிருந்ததால, கட்டின வரியைத் திரும்ப வாங்குறதும் லேசா இல்லை. அப்பாவோட ஆஸ்பத்திரி பில் கட்ட வேண்டிய நேரத்துல நண்பன்கிட்ட கடன் வாங்கி அந்த போனஸைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஆடிட்டர்தான் நான். ஊர் ஒப்பந்தத்தை எல்லாம் படிக்கிறவன், என் ஆஃபர் லெட்டர்ல மொத்தத் தொகையை மட்டும் பார்த்துட்டு கையெழுத்து போட்டுட்டேன். அந்த வரி மூணாவது பக்கத்துல இருந்தது.

அதனால அடுத்த ஆஃபர் வரும்போது மூணு கேள்வி கேளுங்க. போனஸ் எந்தத் தேதியில வரும்? முன்னாடியே விலகினா திருப்பித் தர வேண்டியது வரிக்கு முந்தின தொகையா, கைக்கு வந்த தொகையா? வேலை பார்த்த மாசங்களுக்கு ஏத்த மாதிரி குறையுமா? இதை கேட்கிறதுக்கு ஹோல்ட்அவுட் எல்லாம் தேவையில்லை. ஹெச்ஆருக்கு மரியாதையா ஒரு மெயில் போதும். கையெழுத்துக்கு முன்னாடி கேட்டா அது கேள்வி, பின்னாடி கேட்டா அது புலம்பல்.

உங்க டீம்ல புதுசா ஆள் எடுக்கிற இடத்துல நீங்க இருந்தா, மறுபக்கத்தையும் நினைச்சுப் பாருங்க. ஒரு சின்ன வரிக்காக நல்ல ஆளை முதல் நாளே கசப்போட உள்ளே கூட்டிட்டு வராதீங்க.

உங்க ஆஃபர் லெட்டர்ல இப்படி ஏதாவது வரி இருந்தா, கம்பெனி பேரைப் போடாம, அந்த வரியை மட்டும் கமெண்ட்ல எழுதுங்க. பொதுவா பலருக்கும் வர்ற வரிகளை எடுத்து அடுத்த வீடியோவுல ஒவ்வொண்ணா விலை போட்டுப் பார்ப்போம்.